காணாத உலகங்களைத் தீட்டிய தூரிகை

1970ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள அறிவியல் காட்சிசாலையின் சுவரிலிருந்து ஓர் ஓவியம் கழற்றி இறக்கப்பட்டது. 40 அடி நீளமும் 10 அடி உயரமும் உடைய பெரும் படம் அது. சந்திரனின் தரையில் நிற்பவன் கண்ணுக்கு அங்குள்ள மலைகளும் பள்ளங்களும் எவ்வாறு தோன்றும் என்று காட்டுவதற்காக 1957இல் அங்கே வைக்கப்பட்டது. வாள்முனை போன்ற சிகரங்கள், செங்குத்தான பாறைச் சரிவுகள், மை பூசினாற்போன்ற கருவானம் என்று, காண்பவரைப் பேச்சற்று நிற்கச் செய்யும் காட்சி அது. அதை இறக்கியதற்குக் காரணம் அதன் அழகு குன்றியது அன்று. அதற்கு முந்திய ஆண்டில்தான் மனிதன் சந்திரனில் கால் பதித்திருந்தான். அங்கே வாள்முனைச் சிகரங்கள் இருக்கவில்லை. படம் பொய்த்துவிட்டது.

பொய்த்துப்போன ஓர் அழகிய படத்தை என்ன செய்வது? கிழித்து எறிவதா? போற்றிக் காப்பதா? அன்றி, அழகாக இருந்ததே அதன் குற்றம் என்று தள்ளுவதா? விஞ்ஞானக் கதைகளுக்காகவும் விண்வெளி நூல்களுக்காகவும் வேற்றுலகங்களைத் தீட்டிய கலைஞர்களின் வரலாறு முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றியே சுழல்கிறது. இக்கேள்வியை ஓவியர்களின் சொந்த விவகாரம் என்று நாம் ஒதுக்கிவிட இயலாது. காணாததைக் கண்டதுபோல் காட்டும் படங்கள் நம் வீட்டுப் பிள்ளைகளின் கைக்குள் வந்து குவியும் காலம் இது. ஆகவே இவ்வரலாற்றைச் சற்று நிதானமாகப் புரட்டிப் பார்ப்போம்.

கோடுகள் தோன்றிய கதை

1877இல் செவ்வாய்க் கிரகம் பூமியை நெருங்கி வந்தது. இத்தாலியின் மிலான் நகர வானியலறிஞர் ஷியாப்பரெல்லி தம் தொலைநோக்கியில் அதனைக் கூர்ந்து நோக்கி ஒரு வரைபடம் தயாரித்தார். அதில் மெல்லிய கோடுகள் சில காணப்பட்டன. அவற்றுக்கு அவர் இட்ட இத்தாலியச் சொல்லுக்கு இயற்கையான நீரோடை என்றும் பொருள் கொள்ளலாம். வெட்டப்பட்ட கால்வாய் என்றும் பொருள் கொள்ளலாம். ஆங்கில மொழிக்குப் போனபோது அது கால்வாய் ஆயிற்று. கால்வாய் என்றால் அதை வெட்டியவன் ஒருவன் இருக்க வேண்டுமல்லவா?

அமெரிக்கச் செல்வந்தர் பெர்சிவல் லோவல் அந்த 'ஒருவனை' நம்பினார். 1894இல் அரிசோனா மாநிலத்துப் பிளாக்ஸ்டாஃபில் தம் சொந்தப் பொருளில் வானாய்வுக்கூடம் அமைத்தார். வறண்டு மடியும் ஓர் உலகத்தில் வாழும் அறிவுள்ள உயிர்கள், துருவங்களில் உருகும் பனிநீரைப் பாலை நிலங்களுக்குக் கொண்டுசெல்ல அக்கால்வாய்களை வெட்டின என்று 1895, 1906, 1908 ஆகிய ஆண்டுகளில் மூன்று நூல்கள் எழுதினார். அவர் வரைந்த செவ்வாய் உருண்டைகளில் கோடுகள் நூற்றுக்கணக்கில் பெருகின. அளவுகோல் வைத்து இழுத்தவைபோல் நேராக ஓடின.

இக்கோடுகளைச் சோதிக்க ஓர் எளிய வழி கண்டவர் இங்கிலாந்தின் கிரீனிச் வானாய்வுக்கூடத்தைச் சேர்ந்த வால்டர் மாண்டர். 1903இல் அவரும் எவான்ஸ் என்பவரும் சேர்ந்து அவ்வூர்ப் பள்ளி மாணவர்கள் முன்னே வட்டமான படங்களை வைத்து, கண்டதைக் கண்டபடி வரையச் சொன்னார்கள். படங்களில் கோடு ஒன்றும் இல்லை. ஒழுங்கற்ற புள்ளிகளும் திட்டுகளும் மட்டுமே இருந்தன. சற்றே எட்ட அமர்ந்திருந்த மாணவர்கள் அப்புள்ளிகளை இணைத்துக் கோடுகளாக வரைந்து கொடுத்தனர்! அவர்கள் பொய் சொல்லவில்லை. கண்ணின் எல்லையில் நிற்கும் ஒன்றை மனம் தனக்குப் பழகிய உருவமாகக் கட்டிக்கொள்கிறது என்பதே அதன் பொருள். லோவல் இதை ஏற்கவில்லை. 1916இல் இறக்கும் வரையில் தம் கால்வாய்களை அவர் கைவிடவில்லை.

ஆனால் கதையுலகம் அக்கால்வாய்க் கரையில் குடியேறிவிட்டது. எச். ஜி. வெல்ஸ் 1898இல் நூலாக வெளியிட்ட 'உலகங்களின் போர்' வறண்ட செவ்வாயிலிருந்து படையெடுத்து வரும் உயிர்களைப் பற்றியது. அதன் பிரெஞ்சுப் பதிப்பு ஒன்று 1906இல் பெல்ஜியத்தில் 500 பிரதிகள் மட்டும் அச்சாயிற்று. அதற்குப் படம் வரைந்தவர் பிரேசில் நாட்டில் பிறந்த அல்விம் கொரேயா. மூன்று கால்களில் நடக்கும் இயந்திரங்கள், அமைதியான ஆங்கில நாட்டுப்புறத்தின் மீது விழித்த கண்களோடு ஓங்கி நிற்பதை அவர் கரிக்கோலால் தீட்டினார். 34ஆம் வயதில், 1910இல் அவர் காலமானார். அவ்வியந்திரங்கள் இன்றும் மனத்தை அச்சுறுத்தி நிற்கின்றன.

மலிவுத் தாளில் மின்னிய வண்ணம்

1926 ஏப்ரல் மாதம் நியூயார்க் நகரத்துப் பத்திரிகைக் கடைகளில் 25 சென்ட் விலையில் ஒரு புதிய இதழ் தொங்கியது. அதன் பெயர் 'அமேஸிங் ஸ்டோரீஸ்'. லக்ஸம்பர்கிலிருந்து குடியேறிய ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக் அதன் ஆசிரியர். விஞ்ஞானக் கதைகளுக்கென்றே ஆங்கிலத்தில் தோன்றிய முதல் மாத இதழ் இதுவே எனலாம். உள்ளே இருந்தவை மட்டமான மரக்கூழ்த் தாள்கள். ஆனால் அட்டையோ கண்ணைப் பறித்தது. வானத்தை நிறைத்துக்கொண்டு வளையத்தோடு சனிக் கிரகம் நிற்கிறது. கீழே உறைந்த பனிவெளியில் மக்கள் சறுக்கி விளையாடுகிறார்கள். பனிக் குன்றுகளின் உச்சியில் பாய்மரக் கப்பல்கள் சிக்கிக் கிடக்கின்றன. ஜூல்ஸ் வெர்னின் கதை ஒன்றுக்காகத் தீட்டப்பட்ட படம் அது.

தீட்டியவர் ஃபிராங்க் ஆர். பால். 1884இல் ஆஸ்திரியாவில் பிறந்தவர், கட்டடக்கலை பயின்றவர். அவர் படங்களைப் பார்த்தால் அப்பயிற்சி வெளிப்படையாகத் தெரியும். மனிதர்கள் மரப்பாச்சிகளைப் போல் ஒரே சாயலில் விறைத்து நிற்பார்கள். ஆனால் நகரங்களும் கோபுரங்களும் இயந்திரங்களும் உயிர் பெற்று எழும். மஞ்சளையும் சிவப்பையும் நீலத்தையும் அவர் கலப்பின்றி அள்ளிப் பூசினார். அக்காலத்து மலிவான அச்சில் மென்மையான நிறங்கள் நிற்கமாட்டா. கடையில் தொங்கும் ஐம்பது இதழ்களுக்கு நடுவே தன் இதழைக் கையில் எடுக்கச் செய்வதும் அட்டையின் கடமை. எனவே அந்த வேற்றுலகங்களின் நிறத்தை வானியல் மட்டும் தீர்மானிக்கவில்லை. அச்சகமும் கடைத்தெருவும் சேர்ந்தே தீர்மானித்தன என்பதை நாம் மறத்தல் ஆகாது.

ஆயினும் பால் எண்ணிப் பார்க்காமல் வரைந்தவர் அல்லர். 1939 மே மாதம் வேறோர் இதழின் பின்னட்டையில் செவ்வாய் மனிதனை அவர் தீட்டியபோது, காற்று மெலிந்த உலகில் வாழ்பவன் என்பதால் அவனுக்கு அகன்ற மார்பும் பெரிய காதுகளும் வைத்தார். முடிவு தவறாயினும், 'இத்தகைய உலகில் இத்தகைய உடல்தான் பிழைக்கும்' என்று காரணத்திலிருந்து உருவத்தை வருவிக்கும் வழி நல்ல வழியே.

அந்த வழியின் பயனை அறிய ஒரு சான்று போதும். 1928 நவம்பர் மாத 'அமேஸிங் ஸ்டோரீஸ்' அட்டையில் பால் வியாழக் கிரகத்தைத் தீட்டியிருந்தார். இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் அதைக் கண்டு மயங்கிய சிறுவன் ஒருவன் பிற்காலத்தில் ஆர்தர் சி. கிளார்க் என்று உலகறிந்த எழுத்தாளன் ஆனான். பூமியோடு ஒத்துச் சுழலும் செயற்கைத் துணைக்கோள்கள் மூன்றைக் கொண்டு உலகெங்கும் செய்தி அனுப்பலாம் என்று 1945இல் எழுதியவர் அவரே. 1956இல் இலங்கையில் குடியேறி, 2008இல் அங்கேயே மறைந்தார். ஒரு மலிவு இதழின் அட்டைப்படம் ஒரு சிறுவனை எங்கே கொண்டுசேர்க்கும் என்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை.

அளந்து தீட்டியவர்

பாஸ்டன் சுவரோவியத்தைத் தீட்டியவர் செஸ்லி போன்ஸ்டெல். 1888ஆம் ஆண்டின் முதல் நாள் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தார். 1905இல், 17 வயது இளைஞராக, ஹாமில்டன் மலை மீதிருந்த லிக் வானாய்வுக்கூடத்திற்கு ஏறிச் சென்று தொலைநோக்கி வழியே சனிக் கிரகத்தைக் கண்டார். வீடு திரும்பியதும் கண்டதை வரைந்து வைத்தார். மறு ஆண்டு, 1906இல், அந்நகரை அழித்த பூகம்பத்தைத் தொடர்ந்த தீயில் அப்படம் எரிந்து போயிற்று. ஆனால் அக்காட்சி அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை.

பல்லாண்டுகள் அவர் கட்டடக்கலைஞர்களுக்குச் சித்திரம் வரைந்து பிழைத்தார். கோல்டன் கேட் பாலம் எழுவதற்கு முன்னரே அது எவ்வாறு தோன்றும் என்று மக்களுக்குப் படம் போட்டுக் காட்டியவர்களுள் அவரும் ஒருவர். பின்னர் ஹாலிவுட் சென்று, திரைப்படங்களுக்குக் கண்ணாடியில் பின்னணி தீட்டும் கலையில் பெயர் பெற்றார். 1941இல் வெளிவந்த 'சிட்டிசன் கேன்' படத்திலும் அவர் கைவண்ணம் உண்டு. காமிரா எந்தக் கோணத்தில் நின்றால் எப்பொருள் எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்னும் கணக்கு அங்கே அவருக்குக் கைவந்தது. அதே கணக்கை வானத்துக்கு ஏற்றினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது.

அதன் விளைவாக, 1944 மே 29ஆம் நாளிட்ட 'லைஃப்' இதழில், சனிக் கிரகத்தை அதன் வெவ்வேறு துணைக்கோள்களிலிருந்து பார்ப்பதுபோல் அவர் தீட்டிய படங்கள் வெளியாயின. அவற்றுள் தலைசிறந்தது 'டைட்டனிலிருந்து சனி' என்பதாகும். பனி படிந்த செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே, நீல வானத்தில், பிறை வடிவில் பிரம்மாண்டமாகச் சனி தொங்குகிறது. அதன் வளையம் ஒரு மெல்லிய கோடாக மட்டுமே தெரிகிறது. இங்கே அவருடைய நேர்மையைக் கவனிக்க வேண்டும். வளையத்தை விரித்துக் காட்டியிருந்தால் படம் இன்னும் கவர்ச்சியாக இருந்திருக்கும். ஆனால் டைட்டன் அவ்வளையத்தின் தளத்திலேயே சுற்றிவருவதால் அங்கிருந்து பார்ப்பவனுக்கு அது ஒரு கோடாகத்தான் தெரியும். டைட்டன் சனியிலிருந்து ஏறத்தாழ 12 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அங்கிருந்து சனியின் அகலம், நாம் காணும் சந்திரனைப் போல் சுமார் 11 மடங்கு இருக்கும். இவற்றைக் கணக்கிட்டுத்தான் அவர் தூரிகையைத் தொட்டார். படத்தைக் கண்டவர்களுக்கு, யாரோ நேரில் சென்று புகைப்படம் எடுத்து வந்தார்களோ என்ற மயக்கம் பிறந்ததில் வியப்பில்லை.

1949இல் வில்லி லே என்பவரின் எழுத்தோடு போன்ஸ்டெலின் ஓவியங்கள் 'விண்வெளி வெற்றி' என்னும் பொருளுடைய நூலாக வந்தன. 1952 முதல் 1954 வரை 'காலியர்ஸ்' வார இதழில் வெர்னர் ஃபான் பிரவுன் முதலியோர் எழுதிய விண்வெளிப் பயணத் தொடரில் அவர் ஓவியங்கள் முதலிடம் பெற்றன. விண்வெளிப் பயணம் கிறுக்கர்களின் கனவு என்று எண்ணியிருந்த பொதுமக்களுக்கு, அது நடக்கக்கூடிய காரியம் என்ற நம்பிக்கையை ஊட்டியதில் அப்படங்களின் பங்கு பெரிது.

இருவர் கண்ட சந்திரன்

அத்தகைய கணக்காளர் சந்திரனில் எவ்வாறு தவறினார்? அத்தவறு அவருக்கு முன்பே பழகிப்போனது. 1874இல் ஜேம்ஸ் நாஸ்மித், ஜேம்ஸ் கார்பெண்டர் ஆகிய இருவர் சந்திரனின் தரையைச் சாந்தில் வார்த்து, வெயிலில் வைத்துப் புகைப்படம் எடுத்து நூலாக்கினர். அதிலும் சிகரங்கள் ஊசிபோல் நின்றன. சூரியன் சாய்ந்த வேளையில் சந்திர மலைகளின் நிழல் மிக நீண்டு கூர்மையாக விழும். நிழலின் கூர்மையை மலையின் கூர்மை என்று கண் கொண்டுவிடுகிறது. தவிரவும், காற்றும் மழையும் இல்லாத இடத்தில் மலையைத் தேய்ப்பது எது என்ற நியாயமும் துணை நின்றது. அறிஞர் பலரும் அவ்வாறே எண்ணினர்.

ஆனால் ஒருவர் வேறு விதமாகப் பார்த்தார். பிரெஞ்சு நாட்டுக் கலைஞரும் வானியல் ஆர்வலருமான லூசியன் ருடோ, நிழலை விட்டுவிட்டுச் சந்திரனின் விளிம்பை நோக்கினார். வானத்தின் கருமையை எதிர்த்து நிற்கும் அவ்விளிம்பில் மலைகளின் உண்மையான பக்கத்தோற்றம் தெரியுமல்லவா? அங்கே ஊசிமுனைகள் இல்லை. மழுங்கிய, வளைந்த குன்றுகளே இருந்தன. தாம் கண்டவாறே அவர் வரைந்தார். வேற்றுலகங்களைப் பற்றிய அவருடைய படநூல் 1937இல் வெளிவந்தது. 1947இல் அவர் மறைந்தார். 1971இல் அப்போலோ 15 விண்கலத்தில் சென்றோர் சந்திரனின் அப்பென்னைன் மலையடியில் நின்று எடுத்த படங்களில் வழவழப்பான, உருண்ட மலைகளே தென்பட்டன. கோடிக்கணக்கான ஆண்டுகளாக வந்து விழும் சிறுசிறு விண்கற்கள், காற்றும் மழையும் செய்யாத வேலையைச் செய்து முடித்திருந்தன. ருடோ சொன்னது சரியாயிற்று.

இங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. உண்மையைத் தீட்டியவர் ருடோ. உலகம் நம்பியதோ போன்ஸ்டெலை. இரண்டு படங்களும் ஒரே காலத்தில் இருந்தும், மக்கள் மனம் அழகிய சிகரங்களையே தேர்ந்துகொண்டது. அழகு ஒரு சாட்சியன்று. ஆனால் சாட்சியைப் போலவே அது நம்மிடம் பேசுகிறது. நாமும் குறுக்கு விசாரணையின்றி அதை ஏற்றுக்கொள்கிறோம்.

எண்களும் வண்ணக் கோல்களும்

1965 ஜூலை மாதம் 'மாரினர் 4' என்னும் விண்கலம் செவ்வாயைக் கடந்து சென்றது. அது அனுப்பியவை 22 படங்கள். படங்கள் என்று சொன்னாலும் வந்தவை வெறும் எண்களே. ஒவ்வொரு புள்ளியின் ஒளியளவும் ஓர் எண். ஒரு படத்தின் எண்கள் முழுவதும் வந்துசேர ஏறத்தாழ 8 மணி நேரம் பிடித்தது. கணிப்பொறி அவற்றைப் படமாக்கித் தரும் வரையில் கலிபோர்னியாவின் ஆய்வுக்கூடத்திலிருந்த பொறியாளர்களுக்குப் பொறுமை இல்லை. எண்கள் அச்சான தாள்நாடாக்களை வரிவரியாகப் பலகையில் ஒட்டி, இன்ன எண்ணுக்கு இன்ன நிறம் என்று வகுத்துக்கொண்டு, கடையில் வாங்கிய வண்ணக் கோல்களால் பள்ளிப் பிள்ளைகளைப் போல் நிறம் பூசினார்கள். விண்கலம் ஒன்று செவ்வாயை அருகிருந்து எடுத்த முதற் படம் இவ்வாறு மனிதக் கையால் தீட்டப்பட்ட ஓவியமாகவே பிறந்தது!

அப்படங்களில் கால்வாய் இல்லை. சந்திரனில் உள்ளவற்றைப் போன்ற வட்டக் குழிகளே இருந்தன. எழுபது ஆண்டுக் கதையுலகம் ஒரே வாரத்தில் கரைந்தது.

இன்னொரு நிகழ்ச்சி இதைவிடச் சுவையானது. 1976 ஜூலை 20இல் 'வைக்கிங் 1' செவ்வாயில் இறங்கியது. மறுநாள் அவசரமாகத் தயாரித்து வெளியிட்ட வண்ணப்படத்தில் செவ்வாயின் வானம் நம் வானத்தைப் போல் நீலமாக இருந்தது. பார்த்தவர்கள் மகிழ்ந்தார்கள். கலத்தின் மீதே பொருத்தப்பட்டிருந்த நிற அட்டையோடு ஒப்பிட்டுத் திருத்தியபோது, வானம் நீலம் அன்று, காற்றில் மிதக்கும் நுண்புழுதியால் இளஞ்சிவப்பாய் மங்கிய வானம் என்று தெரிந்தது. இதை அறிவித்தபோது கூடியிருந்த நிருபர்கள் நகைமுகத்தோடு 'ஊ' என்று ஆட்சேபக் குரல் எழுப்பியதாகவும், செவ்வாய் இதிலாவது நம் பூமியைப் போல் இருக்கக்கூடாதா என்ற ஆசையே அக்குரலில் ஒலித்ததாகவும் வானியலறிஞர் கார்ல் சேகன் எழுதியுள்ளார். நம் ஆசைக்கு இணங்காத உண்மையின் முன்னே நாம் எழுப்பும் குரலும் பல நேரங்களில் அதுவேயன்றோ?

போன்ஸ்டெலின் டைட்டனுக்கும் ஒரு நாள் சோதனை வந்தது. 1980இல் அதன் அருகே சென்ற 'வாயேஜர் 1' கண்டது ஆரஞ்சு நிற மூடுபனியை மட்டுமே. 2005 ஜனவரி 14இல் 'ஹைகன்ஸ்' என்னும் ஆய்வுக்கலம் அம்மூடுபனிக்குள் இறங்கித் தரையைத் தொட்டது. அங்கே நீல வானம் இல்லை. அடர்ந்த மூடுபனியால், வானில் தொங்க வேண்டிய சனியும் நம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கலத்தைச் சுற்றிலும், ஆற்றங்கரைக் கூழாங்கற்களைப் போல் உருண்டு தேய்ந்த பனிக்கற்கள் கிடந்தன. மைனஸ் 179 பாகைக் குளிரில் அங்கே மீத்தேன் மழையாய்ப் பெய்கிறது; ஆறாய் ஓடுகிறது; ஏரியாய்த் தேங்குகிறது. எந்த ஓவியனும் எண்ணிப் பாராத காட்சி! படைத்தவனின் கைவேலை, மனிதனின் கற்பனையை எப்போதும் ஒரு படி பின்னால் நிறுத்திவிடுகிறது.

யாருக்கு அந்நியம்?

வேற்றுலகம் என்று காட்டப்பட்டவை எல்லாம் வானத்திலிருந்தே வந்தவை என்று எண்ணிவிட வேண்டாம். 1977இல் வெளிவந்து உலகையே ஆட்டிய 'ஸ்டார் வார்ஸ்' திரைப்படத்தில், இரு சூரியன்கள் உதிக்கும் பாலைவனக் கிரகம் ஒன்று வருகிறது. அதற்கு முந்திய ஆண்டு அக்காட்சிகள் எடுக்கப்பட்ட இடம் வட ஆப்பிரிக்காவின் துனீசியா. கிரகத்தின் பெயரே அந்நாட்டின் ததாவீன் என்னும் ஊரின் பெயரைத் தழுவியது. கதாநாயகன் வாழும் விசித்திரமான பள்ளத்து வீடு, மத்மாத்தா என்னும் ஊரில் பெர்பர் மக்கள் வெயிலுக்கு அஞ்சி மண்ணைக் குடைந்து அமைத்துக்கொண்ட வீடுகளுள் ஒன்று. நடுவில் முற்றம், சுற்றிலும் குடைந்த அறைகள். மேற்கத்திய ரசிகனுக்கு அது கோடானுகோடி மைலுக்கு அப்பாலுள்ள உலகம். அந்த ஊர் மூதாட்டிக்கோ, தான் மாவு பிசைந்து ரொட்டி சுட்ட முற்றம்!

இதில் நமக்கு ஒரு படிப்பினை உண்டு. 'விசித்திரம்' என்பது பொருளில் இல்லை. பார்ப்பவன் நிற்கும் தூரத்தில் இருக்கிறது. கிரீனிச் பள்ளி மாணவர்களின் கண்ணுக்குப் புள்ளிகள் கோடுகளானதும் தூரத்தால்தானே? அயலார் ஒருவரை நாம் விநோதப் பிறவியாகக் கற்பனை செய்யும்போதும், நம்மை அயலார் அவ்வாறு எண்ணும்போதும், இடையே நிற்பது பெரும்பாலும் நெருங்கிப் பாராத தூரமே.

படமும் பட்டியலும்

இறுதியாக ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் செல்வோம். பாரசீகத்தின் ரய் நகரில் பிறந்த அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி என்னும் வானியல் மேதை, ஹிஜ்ரி 353இல், அதாவது கி.பி. 964இல், விண்மீன் கூட்டங்களின் உருவங்களைப் பற்றிய தம் புகழ்பெற்ற நூலை எழுதினார். 48 விண்மீன் கூட்டங்களையும் அதில் உருவங்களாக வரைந்து காட்டினார். கரடியும் சிங்கமும் வேட்டைக்காரனும் அங்கே உயிரோவியங்களாகத் திகழ்கின்றன. ஒவ்வொன்றையும் இரு முறை வரைந்தார். பூமியில் நிற்பவன் கண்ணுக்குத் தோன்றும் விதம் ஒன்று. வானுருண்டையைப் புறத்தே நின்று பார்த்தால் தோன்றும் விதம் மற்றொன்று.

வானத்தில் கரடி இல்லை என்பது அவருக்குத் தெரியாததன்று. ஆகவேதான் படத்தின் பக்கத்திலேயே ஒரு பட்டியலும் வைத்தார். இந்த விண்மீன் இன்ன இடத்தில், இன்ன ஒளியளவில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்தார். அந்த ஒளியளவுகளுள் பலவற்றை, முன்னோரான தாலமி சொன்னதை அப்படியே எடுத்தெழுதாமல், தம் கண்ணால் நோக்கித் திருத்தினார். ஆண்ட்ரமீடா கூட்டத்தருகே 'சிறு மேகம்' ஒன்று இருப்பதையும் பதிந்து வைத்தார். அது கோடானுகோடி விண்மீன்கள் அடங்கிய ஒரு தனி மண்டலம் என்பது மிகப் பிற்காலத்தில் தெரிய வந்தது. படம் நினைவுக்கு, பட்டியல் உண்மைக்கு. கரடியை யாரும் நம்ப வேண்டியதில்லை. ஆனால் கரடியின் உதவியால் விண்மீனைக் கண்டுபிடிக்கலாம். பட்டியலின் உதவியால் பிழையைத் திருத்தலாம்.

இவ்வளவுகோலால் அளந்தால் நம் கேள்விக்கு விடை கிடைத்துவிடுகிறது. லோவலின் கோடுகள் ஏன் கேடு செய்தன? அவை கற்பனை என்பதால் அன்று. கற்பனையைக் கண்ட காட்சியாகச் சாதித்ததால். போன்ஸ்டெலின் டைட்டன் ஏன் இன்னும் மதிப்புடையது? வானத்தின் நிறத்தில் அவர் தவறினாலும், கோணமும் அளவும் கணக்கில் நிற்கின்றன. எது கணக்கு, எது ஊகம் என்று பிரித்தறிய வழி இருக்கிறது. மாரினரின் வண்ணக்கோல் படம் ஏன் உண்மையாயிற்று? ஒவ்வொரு நிறத்தின் கீழும் ஓர் எண் இருந்தது.

இன்றைய நிலையையும் நினைத்துப் பார்ப்போம். 2021 டிசம்பரில் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி காண்பது நம் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளியை. நாம் காணும் வண்ணங்கள், அறிஞர்கள் அளவுகளுக்கு ஏற்ப வகுத்துக் கொடுத்தவை. அவை ஏமாற்று அல்ல. வகுத்த முறையை அவர்கள் வெளிப்படையாகச் சொல்கிறார்கள். அதே கைத்தொலைபேசித் திரையில், கணிப்பொறி தானே புனைந்த கிரகங்களும் நிலவுகளும் 'நேற்று எடுத்த படம்' என்ற பொய்த் தலைப்போடு வந்து விழுகின்றன. இரண்டும் ஒரே மினுமினுப்பில் மின்னுகின்றன. பிள்ளை அதை நம்மிடம் நீட்டி 'எவ்வளவு அழகு!' என்று கூறும்போது, 'அழகுதான். இதை எடுத்தது யார், எதைக் கொண்டு?' என்று ஒரு வார்த்தை கேட்கப் பழக்குவோமாக. அக்கேள்வி அழகைக் கெடுக்காது. அழகுக்கு ஒரு முகவரி தரும்.

பாஸ்டன் சுவரிலிருந்து இறக்கப்பட்ட அந்த ஓவியம் என்னவாயிற்று என்று வாசகர்கள் அறிய விரும்பலாம். அதை யாரும் கிழித்து எறிந்துவிடவில்லை. 1976இல் அது ஸ்மித்ஸோனியன் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. விண்வெளி வரலாற்றின் சின்னங்களுள் ஒன்றாக அங்கே இடம் பெற்றது. சந்திரனைப் பற்றிய சான்றாக இருந்த படம், சந்திரனை நோக்கி மனிதன் கொண்ட ஏக்கத்தின் சான்றாக மாறியது. போன்ஸ்டெல் 1986இல், 98ஆம் வயதில், மறைந்தார். தம் வாள்முனைச் சிகரங்கள் மழுங்கிய குன்றுகளாய் மாறியதை உயிரோடு இருந்து கண்டவர் அவர். செவ்வாயிலுள்ள வட்டக் குழிகளுள் ஒன்று இன்று அவர் பெயரைத் தாங்குகிறது. விளிம்பை நோக்கி உண்மையைத் தீட்டிய ருடோவின் பெயரிலும் அங்கே ஒரு குழி உண்டு.

பிழைத்தவரும் பிழையாதவரும் ஒரே கிரகத்தில் பெயர் பெற்று நிற்கிறார்கள். காணாத ஒன்றைக் காண ஏங்கியவர்கள் இருவருமே. அவர்களுள் ஒருவரின் அழகையும் மற்றவரின் கண்ணையும் சேர்த்துப் பெறுவதே நாம் வேண்டத்தக்க பேறு.